அம்மா செஞ்சது (வாசகர் கடிதம்)

வணக்கம் அக்கா,

நான் வடசென்னையில் ஒரு கல்லூரியில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வீடு காசிமேடு. அப்பா இல்லை. அம்மா மீன் வியாபாரம். விடியற்காலை இரண்டு மணிக்கு ஏலத்துக்குப் போனால், கூடையை விற்று முடித்து வீடு வர மதியம் ஆகிவிடும். தங்கச்சி பத்தாவது படிக்கிறாள். நான் ஒன்பதாவது படிக்கும்போதிலிருந்து வீட்டில் நான்தான் சமைக்கிறேன். மீன்பிடித் தடைக்காலத்தில் மட்டும் அம்மா அடுப்பைப் பார்த்துக்கொள்வார்.

போன மாதம் ஒருநாள் ராத்திரி சங்கரா மீன் குழம்பு வைத்தேன். தங்கச்சிக்குப் பிடித்த வால் துண்டை அவளுக்கு எடுத்து வைத்துவிட்டு, நடுத்துண்டாகப் பார்த்து டப்பாவில் போட்டு மறுநாள் கொண்டுபோனேன். பசங்க அள்ளி அள்ளிச் சாப்பிட்டார்கள். "யார்ரா செஞ்சது?" என்று கேட்டான் ஒருவன். "நான்தான்" என்றேன். "இன்னா மச்சான், பொம்பள வேலையெல்லாம் பாக்கற?" என்று எல்லோரும் சிரித்தார்கள். சட்டென்று, "சும்மா சொன்னேன்டா, அம்மா செஞ்சது" என்று மாற்றிவிட்டேன். கூட இருந்த தோழி மட்டும் நம்பவில்லை. பிறகு தனியாக வந்து, "உன்னக் கட்டிக்கப்போறவ குடுத்து வச்சவ" என்றாள். அது சந்தோஷமாக இருந்தது. ஆனாலும் அன்றிலிருந்து கேன்டீனில்தான் சாப்பிடுகிறேன். டப்பாவைத் திறந்தாலே 'கவுச்சி' என்று தள்ளி உட்காருகிற இரண்டு மூன்று பேரும் எங்கள் வகுப்பில் உண்டு. ஒரு சாப்பாட்டு டப்பாவை வைத்தா ஒருத்தன் எந்த மாதிரி ஆள், ஆம்பளையா இல்லையா என்று முடிவு செய்வார்கள்?

பெயர் வேண்டாம், காசிமேடு

*

அன்புள்ள தம்பிக்கு,

செய்வார்கள். எப்போதும் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

கவுச்சி விஷயத்தை முதலில் பேசிவிடுகிறேன், அதில் எனக்கு நீண்ட யோசனை இல்லை. 2018 டிசம்பரில் இதே சென்னையில், ஐஐடி மாணவர்கள் சாப்பிடும் இடத்தில், சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தனி வாசல், தனி கைகழுவும் இடம் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். எதிர்ப்பு வந்த பிறகு எடுத்தார்கள். படிப்பு ஏற ஏற இந்த வழக்கம் தானாக உதிர்ந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தவள் நான். அன்றோடு அந்த நம்பிக்கை போனது. உங்கள் டப்பா திறந்ததும் தள்ளி உட்காருகிறவர்களுக்கு மீனோடு சேர்த்துக் காசிமேடும் மணக்கிறது. அதற்காக நீங்கள் மூடியைப் போட வேண்டியதில்லை. தள்ளிப் போகிறவர்கள் போகட்டும்.

என் மனதில் தங்கிவிட்டது அந்தச் சிரிப்பும், அதற்கு நீங்கள் சொன்ன பதிலும்தான்.

என் அப்பா பெரம்பூர்ப் பக்கம் ஒரு மில்லில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு அவர் கையால்தான். வெங்காயம் உரிப்பது, மசாலா அரைப்பது, கறி கழுவுவது எல்லாம் அம்மா. கடைசியில் சட்டியும் அம்மாதான் தேய்ப்பார். ஆனால் எங்கள் தெருவில் அது "அப்பா வச்ச குழம்பு". வாசல் கதவு விரியத் திறந்திருக்கும், வாசனைக்கே ஆள் வரும். பிறகு மில்லை மூடினார்கள். அம்மா துணி தைக்கும் எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு வேலைக்குப் போனார். திங்கள் முதல் சனி வரை அப்பா சமைத்தார். நான் அப்போது கல்லூரியில் சேர்ந்திருந்தேன். காலையில் அவர் சாம்பார் தாளிக்கும்போது வாசல் கதவைத் தாழ் போட்டுவிடுவார். புகை சூழ்ந்து இருமிக்கொண்டே நிற்பார், கதவைத் திறக்க மாட்டார். அதே மனிதர், அதே கரண்டி. ஞாயிற்றுக்கிழமைக் கறி ஆம்பளை சமையல். வாரநாள் சாம்பார் வெட்கம்.

நானும் தோழிகள் கேட்டபோதெல்லாம் "அம்மா செஞ்சது" என்றுதான் சொன்னேன். அப்பாவின் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைப்பு. நான் இல்லாமலாக்கியது என் அம்மாவை என்று புரிய வெகுகாலம் ஆனது. எட்டு மணிக்கு மெஷினில் உட்கார்ந்து வீட்டு வாடகையைச் சம்பாதித்தவரை, என் வாயால் மறுபடி அடுப்படியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். நீங்கள் சொன்ன பொய்யும் அதையே செய்கிறது, தம்பி. இரண்டு மணி இருட்டில் ஏலத்தில் குரல் கொடுத்து மீன் எடுக்கிற ஒரு பெண்ணை, பிள்ளைக்குக் குழம்பு வைத்து டப்பா கட்டுகிற அம்மாவாக மாற்றிவிட்டீர்கள். உங்கள் நண்பர்களுக்கு அந்த அம்மாவைத்தான் தெரியும், அதனால் உடனே நம்பினார்கள்.

சிரித்த பசங்களையே எடுத்துக்கொள்வோம். புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் அண்டாவுக்குத் தம் போடும் பிரியாணி மாஸ்டர்கள் பெரும்பாலும் ஆண்கள்தான். பீச் ஸ்டேஷன் எதிரே, பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த அத்தோ என்ற நூடுல்ஸைக் கையால் பிசைந்து கொடுப்பவர்களும் பெரும்பாலும் ஆண்களே. அவர்களைப் பார்த்து யாரும் பொம்பள வேலை என்று சொல்வதில்லை. காசு வாங்கினால் தொழில், வீட்டு ஆட்களுக்கு என்றால் கேலி. (அத்தோ கடை முன்னால் இப்போது கல்லூரிப் பெண்கள் நின்று சாப்பிடுவதைப் பார்க்கிறேன். நாங்கள் பார்சல் கட்டிக்கொண்டு ஓடியவர்கள். ரோட்டில் நின்று சாப்பிட்ட பெண் என்று யாராவது வீட்டில் சொல்லிவிடுவார்களோ என்று பயம். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் மனது நிறைகிறது.)

தோழியின் பாராட்டு உங்களுக்கு இனித்தது, சரி. ஆனால் அவளிடம் ஒன்று கேளுங்கள்: காலையில் வீட்டில் என்ன வேலை முடித்துவிட்டுக் கல்லூரிக்கு வருகிறாள்? அவளைக் கட்டிக்கொள்ளப்போகிறவன் கொடுத்து வைத்தவன் என்று யாராவது வியந்தார்களா? 2019-இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், 6 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 81 விழுக்காட்டினர் அன்றாடம் சம்பளமில்லாத வீட்டுவேலை செய்தார்கள். ஆண்களில் 26 விழுக்காடு. அப்படிச் செய்தவர்களிலும் பெண்ணுக்குச் சராசரியாக ஒரு நாளில் 299 நிமிடம், ஆணுக்கு 97 நிமிடம். பசங்க சிரித்ததும் அவள் வியந்ததும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. ஆண் கையில் கரண்டி இருந்தால் அது அதிசயம். நீங்கள் ஐந்து வருடமாகச் செய்வது அதிசயம் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு ஆக வேண்டியதை ஒரு மூத்த பிள்ளை செய்கிறான். எனக்கு அதனால்தான் உங்கள் மேல் இவ்வளவு மரியாதை.

நண்பர்களிடம் உண்மையைச் சொல்வதற்குப் பெரிய பேச்சு எதுவும் தேவையில்லை. மறுபடி குழம்பு கொண்டுபோங்கள். யார் செஞ்சது என்று கேட்பான். "நான்தான். அம்மா ஏலத்துக்குப் போயிருந்தாங்க" என்று சொல்லுங்கள். இரண்டு வாக்கியமும் வேண்டும்.

இன்னொன்று. தங்கச்சிக்கு வால் துண்டு பிடிக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். என் அம்மாவுக்கும் வால் துண்டுதான் பிடிக்கும் என்று நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை, ஆண்களில் 25 விழுக்காட்டினருக்கு. காரணங்கள் பல. தட்டில் எந்தத் துண்டு விழுகிறது என்பதும் அதில் ஒன்று. உங்கள் வீட்டில் கரண்டி உங்கள் கையில் இருக்கிறது. அடுத்த முறை மீன் வைக்கும்போது, குழம்பை இறக்கிவிட்டு, நடுத்துண்டு வேண்டுமா என்று அவளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். "வேணாம்ணா" என்றுதான் முதலில் சொல்வாள். இன்னொரு முறை கேளுங்கள். என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா