இனிஸ்ஃப்ரீ எங்கே இருக்கிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

டப்ளினில் மூன்றாண்டுகளாகப் பணியில் இருக்கிறேன். ஜான் ஃபோர்டின் ‘தி கொயட் மேன்’ படத்தைச் சிறுவயதில் அப்பாவுடன் பலமுறை பார்த்தவன் என்பதால், சென்ற மாதம் மனைவியை அழைத்துக்கொண்டு மேயோ மாவட்டத்தின் காங் கிராமத்திற்குச் சென்றேன். கூரை வேய்ந்த அந்த வெள்ளை வீட்டுக்குள் கட்டணம் செலுத்தி நுழைந்த பிறகுதான், அது படத்தில் வரும் வீடல்ல, அதைப் பார்த்துச் செய்த நகல் என்று தெரிந்தது. மதுக்கடையின் உட்புறம் ஹாலிவுட் அரங்கில் எடுக்கப்பட்டதாம். ரயில் நிலையம் வேறெங்கோ இருக்கிறதாம். “இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்?” என்று மனைவி கேட்டாள். ஓர் ஊரே பொய்யை விற்றுப் பிழைக்கலாமா?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் ஏமாற்றம் எனக்குப் புரிகிறது. ஆனால் உங்களை ஏமாற்றியது காங் என்று நான் சொல்லமாட்டேன்.

படத்தில் வரும் ஊரின் பெயர் இனிஸ்ஃப்ரீ. அது கற்பனை ஊர். அயர்லாந்தின் கால்வேயிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர்களின் மகனான இயக்குநர் ஃபோர்ட், மாரிஸ் வால்ஷ் 1933இல் எழுதிய ஒரு சிறுகதையின் உரிமையை வாங்கி வைத்துக்கொண்டு, பணம் போட முன்வரும் நிறுவனம் கிடைக்காமல் பல ஆண்டுகள் காத்திருந்தார். ஒருவழியாக 1951 கோடையில் நாயகனாக ஜான் வெய்னையும் நாயகியாக மௌரீன் ஓஹாராவையும் அழைத்துக்கொண்டு அயர்லாந்தில் வந்து இறங்கியபோது, அவர் தேடியது ஒரு குறிப்பிட்ட கிராமத்தை அல்ல, பெற்றோர் விட்டுவந்த மண்ணைப் பற்றித் தன் மனத்தில் இருந்த சித்திரத்தை. ஆகவே கிடைத்த இடத்திலெல்லாம் ஒரு துண்டை எடுத்தார். தெருவும் ஆறும் காங்கிலும் ஆஷ்ஃபோர்ட் மாளிகையின் தோட்டங்களிலும் கிடைத்தன. ரயில் நிலையம் கிழக்கே டுவாம் நகரை அடுத்த பாலிக்லூனினில். குதிரைப் பந்தயம் மேற்கே லெட்டர்கேஷ் கடற்கரையில். கத்தோலிக்கர்களின் பூசை முடிந்து நாயகன் நாயகிக்குத் தீர்த்தம் ஏந்திக் கொடுக்கும் காட்சிகூட ஒரு புராட்டஸ்டண்ட் ஆலயத்தின் வாசலில் எடுக்கப்பட்டதுதான். இவற்றையெல்லாம் ஒட்டவைத்துக் கிடைத்த ஊருக்கு நீங்கள் காங்கிடம் வழி கேட்டால் அது என்ன செய்யும்?

மதுக்கடையின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. அந்தக் கட்டடம் அப்போது ஒரு மளிகைக்கடை. படத்துக்காக அதன் முகப்பில் ‘பேட் கோஹன்’ என்று மதுக்கடைப் பெயர் எழுதினார்கள். படம் பார்த்துவிட்டு வந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். கடைசியில், அரை நூற்றாண்டுக்குப் பிறகு, அது அதே பெயரில் உண்மையாகவே மதுக்கடை ஆகிவிட்டது. இதைப் பொய் என்பீர்களா? எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

இனி, நீங்கள் தேடிச் சென்ற வீட்டைப் பற்றி. படத்தில் நாயகன் திரும்ப வாங்கும் அவனது பூர்வீக வீடு மேற்கே மாம் பாலத்தருகே, கால்வே மாவட்டத்தில் இருக்கிறது; இருக்கிறது என்று சொல்வதைவிட, இடிந்த சுவர்களாகக் கிடக்கிறது என்பதே சரி. மழையும் காற்றும் மட்டும் அதை அந்த நிலைக்குக் கொண்டுவரவில்லை. அசல் வீட்டைத்தான் பார்ப்பேன் என்று அங்கே போனவர்களில் பலர் நினைவுப்பொருளாக ஆளுக்கொரு கல்லைப் பெயர்த்துக்கொண்டு போயிருக்கிறார்கள். காங்கில் உள்ள நகலின் சுவரிலிருந்து யாரும் கல் எடுப்பதில்லை. தன்னை நகல் என்றே சொல்லிக்கொண்டு, தரையைப் பெருக்கி, கூரையை மாற்றி நிற்கும் அந்த வீட்டின் மீது எனக்குக் கோபம் இல்லை. நுழைவாயிலிலேயே அதைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கலாம் என்ற அளவில் உங்கள் குறையை ஏற்கிறேன்.

எனக்கு வருத்தம் வேறொன்றில் இருக்கிறது. வெய்ன் ஓஹாராவைத் தூக்கி நிற்கும் சிலையின் முன் வரிசையில் நிற்பவர்களில் எத்தனை பேர் அருகிலுள்ள மடாலயத்துக்குள் போகிறார்கள்? அயர்லாந்தின் கடைசிப் பேரரசரான ரோரி ஓ’கானர் முடியைத் துறந்து, 1198இல் இறக்கும்வரை தங்கியிருந்த இடம் அது. ஊருக்கு வெளியே, பெரும்பஞ்சக் காலத்தில் மாஸ்க், காரிப் என்ற இரண்டு ஏரிகளையும் இணைக்க வெட்டத் தொடங்கிய கால்வாய் ஒன்று உண்டு. பல ஆண்டுகள் வெட்டியும், சுண்ணாம்புப் பாறையின் பிளவுகள் நீரை உறிஞ்சிக்கொண்டதால் 1854இல் அதைக் கைவிட்டார்கள். மதகுகள் இன்றும் வறண்டு நிற்கின்றன. இவை எந்தப் படத்துக்காகவும் போட்ட அரங்குகள் அல்ல.

மறுபடி போனால், மடாலயத்தின் பின்புறமாக ஆற்றங்கரைக்கு இறங்குங்கள். நீருக்கு மேல் கல் மேடை கட்டி எழுப்பிய சிறு குடில் ஒன்று இருக்கும். துறவிகள் மீன் பிடித்த இடம். தரையில் விட்ட துளை வழியே வலையை இறக்குவார்களாம். மீன் விழுந்ததும் சமையற்கட்டில் மணி அடிக்கும்படி அங்கிருந்து ஒரு கயிறு போயிற்று என்று ஊரார் சொல்வார்கள். கூரை இல்லாததால் மழை உள்ளே விழும். குடை எடுத்துச் செல்லுங்கள். கட்டணம் கிடையாது, உங்கள் மனைவியிடம் அதையும் சொல்லுங்கள்.