கிரீன் டேயின் ‘பாஸ்கெட் கேஸ்’: கார்ட் சரி, ஆனால் ரெக்கார்டோடு ஏன் ஒட்டவில்லை?

முதல் காரணம் ட்யூனிங். அமெரிக்கப் பங்க் ராக் குழுவான கிரீன் டே 1994-இல் வெளியிட்ட ‘டூக்கி’ ஆல்பத்தின் இந்தப் பாட்டில் கிதாரின் ஆறு தந்திகளும் அரை ஸ்வரம் இறக்கப்பட்டவை. வழக்கமான ட்யூனிங்கில் வாசித்தால் அரை ஸ்வரம் மேலேதான் கேட்கும். இறக்கிவிட்டுப் பழைய விரலமைப்பிலேயே வாசியுங்கள்.

வெர்ஸ் (பாட்டின் சரணப் பகுதி) முழுக்கப் பவர் கார்டுகள்தான், அதாவது அடி ஸ்வரமும் அதன் ஐந்தாம் ஸ்வரமும் மட்டும் சேர்ந்தவை. மிகத் தடித்த தந்தியை ஆறாவது என்று கொண்டால், அடி ஸ்வரங்கள் வரிசையாக: ஐந்தாம் தந்தி 7-ஆம் ஃப்ரெட், ஆறாம் தந்தி 7, ஐந்தாம் தந்தி 4, ஆறாம் தந்தி 4, ஆறாம் தந்தி 5, ஐந்தாம் தந்தி 7, ஆறாம் தந்தி 7. கடைசிக் கார்டுக்கு இரண்டு பார் (ஒரு பார் என்பது நான்கு தட்டு), மற்றவற்றுக்கு ஒவ்வொன்று, மொத்தம் எட்டு.

தொடக்கத்தில் கிதாரும் பாடகர் பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங்கின் குரலும் மட்டுமே என்பதால் பிசிறு அப்பட்டமாகத் தெரியும். தந்தி அடிக்கும் கையின் உள்ளங்கை ஓரத்தை, தந்திகள் கிதாரின் உடலில் தாங்கி நிற்கும் பிரிட்ஜை ஒட்டியே தந்திகள் மேல் வையுங்கள். கிதாரின் கழுத்துப் பக்கம் நகர்ந்தால் ஸ்வரமே செத்து ‘டக் டக்’ என்று மட்டும் கேட்கும். பாருக்கு எட்டு அடி, எல்லாம் கீழ்நோக்கி. மேலும் கீழுமாக அடித்தால் எளிதுதான், ஆனால் அந்த முரட்டுச் சீர் போய்விடும்.

வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 170 தட்டு. மெட்ரோனோமை 120-இல் வைத்து ஐந்தைந்தாக ஏற்றுங்கள். முன்கை இறுகினால் பிக்கை அழுத்திப் பிடிக்கிறீர்கள் என்று அர்த்தம்.

ஆம்பில் கெயினை (ஒலியைக் கரகரப்பாக்கும் குமிழ்) பலரும் நினைப்பதைவிடக் குறைவாக வையுங்கள். கூட்டினால் கார்டு மாறுவதே கேட்காமல் குழம்பிவிடும். பிரிட்ஜ் பக்கப் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்குறியாக்கும் பாகம்), மிட் (நடு அலைவரிசை) சற்றுத் தூக்கலாக. டிலே (எதிரொலி) வேண்டவே வேண்டாம்.