கைபேசியில் வெல்லும் பிள்ளை பலகையில் தோற்பது ஏன்?

நோர்வுட்டுக்கு அருகிலுள்ள தோட்டமொன்றிலிருந்து தந்தை ஒருவர் எழுதியிருக்கிறார். தரம் 8இல் படிக்கும் மகள் கைபேசியில் நாள்தோறும் பல சதுரங்க ஆட்டங்கள் ஆடுகிறார், பெரும்பாலும் வெல்கிறார். ஆனால் வலய மட்டப் போட்டியில் பாதி ஆட்டம் வரை நன்றாக ஆடி, ராணிகள் வெட்டுப்பட்ட பிறகு தோற்றுவிடுகிறார். ஹட்டனுக்கு வகுப்புக்கு அனுப்ப வசதியில்லை, வீட்டில் சிக்னலும் ஒழுங்காக இல்லை. தொடக்க நகர்வுகளைச் சொல்லித்தரும் புத்தகம் ஒன்றை வாங்கிக் கொடுத்தால் போதுமா என்பது அவருடைய கேள்வி.

போதாது; இப்போதைக்கு அது தேவையுமில்லை. பாதி ஆட்டம் வரை நன்றாக ஆடும் பிள்ளைக்குத் தொடக்கத்தில் குறையில்லை என்பதைத் தங்கள் கடிதமே சொல்கிறது. வெள்ளைக்கு ஒரு தொடக்கம், கறுப்புக்கு ராஜா முன் சிப்பாய்க்கும் ராணி முன் சிப்பாய்க்கும் ஒவ்வொரு பதில் என்ற அளவில் நிறுத்திக்கொண்டு, நடுக்கட்டங்களைப் பிடிப்பது, குதிரைகளையும் பிஷப்புகளையும் வெளியே கொண்டுவருவது, காலந்தாழ்த்தாமல் காஸ்லிங் செய்வது (ராஜாவையும் கோட்டையையும் ஒரே நகர்வில் இடம்மாற்றி ராஜாவைப் பாதுகாப்பது) ஆகிய மூன்றையும் கடைப்பிடித்தால் மாகாண மட்டம் வரை அது தாங்கும். குறை வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது: தான் தோற்ற ஆட்டத்தைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் இல்லை, காய்கள் குறைந்த நிலைகளைத் தனியாகப் படித்ததும் இல்லை.

முதலில் கைபேசி ஆட்டத்தைப் பற்றி. சர்வதேச சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிப்படி ஓர் ஆட்டக்காரருக்கு 10 நிமிடமோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் அது மின்னல்வேக ஆட்டமாகவே கணிக்கப்படும். அதில் வெல்வதற்கு வேகமும், எதிராளியின் அவசரமும், ஓரளவு துணிச்சலும் போதும். இருவருக்கும் அரை மணி நேரம் இருக்கும் போட்டியில் எதிராளி உட்கார்ந்து யோசித்துவிடுவார். நான் மின்னல்வேக ஆட்டத்தைத் தடைசெய்யச் சொல்ல மாட்டேன். தடைசெய்தால் பிள்ளை ஒளித்து ஆடும், வேறென்ன நடக்கும்? ஆனால் வாரத்தில் இரண்டு ஆட்டமாவது ஆளுக்கு 30 நிமிடம் வைத்து, மெய்யான பலகையில், பள்ளித் தோழியுடனோ அண்ணனுடனோ அக்கம்பக்கத்துப் பெரியவருடனோ ஆட வேண்டும். திரையில் மேலிருந்து பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பலகையில் சாய்வாகத் தெரியும் மூலைவிட்டங்கள் உடனே பிடிபடுவதில்லை. தூரத்து மூலையில் நிற்கும் பிஷப்பைக் காணாமல் கோட்டையைப் பறிகொடுக்கும் பிள்ளைகளில் பலர் இப்படிக் கைபேசியில் வளர்ந்தவர்களே. தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும் என்ற விதியும் திரையில் பழக்கமாவதில்லை.

அந்த ஆட்டங்களின் ஒவ்வொரு நகர்வையும் எழுத வேண்டும். பாடசாலைப் போட்டிகளில் விரைவு ஆட்டமாக (ஆளுக்கு 10 நிமிடத்துக்கு மேல், ஒரு மணி நேரத்துக்குக் குறைவாக) நடப்பவற்றில் நகர்வுகளை எழுதுவது கட்டாயமில்லை என்றாலும், நேரம் இருக்கும்வரை எழுதுவதை யாரும் தடுப்பதில்லை. இதற்கென ஒரு கொப்பியை ஒதுக்கி, இடப்பக்கத்தில் நகர்வுகளையும் வலப்பக்கத்தில் வீட்டுக்கு வந்தபின் தோன்றுவதையும் எழுதச் சொல்லுங்கள். “17ஆவது நகர்வு: குதிரையால் சிப்பாயை வெட்டினேன். என் குதிரை விலகியதும் அவருடைய பிஷப்புக்கு எச்2 வரை வழி திறந்ததைப் பார்க்கவில்லை.” இந்த அளவு போதும். (எச்2 என்றால் எச் என்ற செங்குத்து வரிசையில் இரண்டாவது கட்டம்.)

கணினி நிரலிடம் கேட்பது அதற்குப் பிறகுதான். லிசெஸ் என்ற இணையச் சதுரங்கத் தளத்தில் ஆட்டத்தைப் பதிவிட்டால் ஸ்டொக்ஃபிஷ் என்ற நிரல் தவறுகளை இலவசமாகவே குறித்துக் காட்டும். தளத்தில் விளம்பரமும் இல்லை. ஆனால் அது விடையைச் சொல்லுமே தவிர, பிள்ளை அந்த நேரத்தில் எதை நினைத்துக்கொண்டிருந்தார் என்பது அதற்குத் தெரியாது. காணாமல் விட்டாரா, கண்டும் தவறாகக் கணித்தாரா, என்ன செய்வதென்று தெரியாமல் ஏதோ ஒன்றை நகர்த்தினாரா, நேரம் போய்விட்டதென்று பதறினாரா என்பதை அவரே எழுதினால்தான் உண்டு. பத்துப் பதினைந்து ஆட்டங்கள் சேர்ந்ததும் வலப்பக்கங்களை மட்டும் தொடர்ந்து வாசித்துப் பாருங்கள். ஒரே வகைத் தவறு திரும்பத் திரும்ப வருவது தெரியும். எதைப் பயிற்சி செய்ய வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது. தங்களுக்கு ஆட்டம் அதிகம் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். “எதிராளி ஏன் அந்தக் காயை அங்கே வைத்தார்?” என்று ஒவ்வொரு நகர்விலும் மகளிடம் கேட்பதற்கு ஆட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இனி, ராணிகள் போன பிறகு தோற்பது. இது பாடசாலை ஆட்டக்காரருக்கு மட்டும் நேர்வதன்று. 2024 டிசம்பர் 12ஆம் திகதி சிங்கப்பூரில் நடந்த உலகச் சம்பியன் போட்டியின் 14ஆவது, கடைசி ஆட்டத்தில், சமநிலையில் முடியவேண்டிய நிலையிலிருந்த அப்போதைய சம்பியன் டிங் லிரன் 55ஆவது நகர்வாகத் தம் கோட்டையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுசென்றார். கோட்டைகள் வெட்டுப்பட்டன, அடுத்துப் பிஷப்புகளும் வெட்டுப்பட்டன. ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும் எஞ்சிய முடிவாட்டத்தில் ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்திருந்த சென்னையின் குகேஷ், 18 வயதில் உலகச் சம்பியனானார். காய்களை வெட்டி முடித்தபின் எஞ்சும் நிலை யாருக்குச் சாதகம் என்பதை வெட்டுவதற்கு முன்பே அறிந்திருக்க வேண்டும். முடிவாட்டத்தைப் படிப்பதன் பயன் அதுதான்.

இன்று மாலையே பலகையில் ஒரு நிலையை அடுக்குங்கள். வெள்ளை ராஜா ஈ4இல், வெள்ளைச் சிப்பாய் ஈ3இல், கறுப்பு ராஜா ஈ6இல். வேறு காய் எதுவும் இல்லை. இப்போது கறுப்பின் முறை என்றால் வெள்ளை வெல்லும்; வெள்ளையின் முறை என்றால் ஆட்டம் சமநிலை. இரு ராஜாக்களும் ஒரு கட்டம் இடைவிட்டு நேருக்கு நேர் நிற்கையில், நகரவேண்டியவர் வழிவிட்டாக வேண்டும். கறுப்பு டி6க்கு விலகினால் வெள்ளை எஃப்5க்குள் நுழையும், எஃப்6க்கு விலகினால் டி5க்குள் நுழையும். மாறாக, வெள்ளை டி4க்குப் போனால் கறுப்பு டி6க்கு வந்து மறுபடி எதிரில் நிற்கும். மகள் வெள்ளையாகவும் நீங்கள் கறுப்பாகவும், பிறகு பக்கம் மாற்றியும், யார் முறை என்பதை மாற்றி மாற்றி இதை ஆடிப்பாருங்கள். இங்கே பெரும்பாலான பிள்ளைகள் செய்யும் தவறு, சிப்பாயை அவசரப்பட்டு ஓட்டுவது. ராஜா முன்னால் செல்ல வேண்டும், சிப்பாய் பின்னால் வர வேண்டும். ராஜா ஆறாவது வரிசையை எட்டி, சிப்பாய் அவருக்கு நேர் பின்னே ஐந்தாவது வரிசையில் இருந்தால், யார் முறையானாலும் வெற்றிதான். ஏ, எச் ஆகிய ஓரச் சிப்பாய்கள் மட்டும் இதற்கு விலக்கு: எதிராளியின் ராஜா மூலையைப் பிடித்துவிட்டால் வெல்ல முடியாது.

இது கைவந்தபின், ஒரு கோட்டையையும் ராஜாவையும் கொண்டு தனி ராஜாவைச் செக்மேட் செய்வதைப் பழக வேண்டும். சரியாக ஆடினால் அதிகபட்சம் 16 நகர்வில் முடியும். மகள் 25க்குள் முடித்தாலும் நான் திருப்திப்படுவேன், 50 நகர்வு விதிக்குள் (வெட்டோ சிப்பாய் நகர்வோ இல்லாமல் 50 நகர்வு கடந்தால் சமநிலை கோரலாம்) முடிப்பதே முக்கியம். அதன் பிறகு கோட்டைக்குக் கோட்டை, ஒரு சிப்பாய் கூடுதல் என்ற நிலைகள். பிஷப்பையும் குதிரையையும் கொண்டு செக்மேட் செய்வதை இப்போது தொடவேண்டாம். அது போட்டியில் வருவதே அரிது.

கூடவே நாளுக்கு ஐந்தாறு புதிர்கள். கடைத்தெருவுக்கோ பாடசாலைக்கோ சிக்னல் கிடைக்கும் இடத்துக்குப் போகும்போது லிசெஸில் புதிர்களின் நிலைகளைத் திரைப்பிடிப்பாக எடுத்துவைத்துக்கொண்டு, வீட்டில் பலகையில் அடுக்கி, காயைத் தொடாமல் முழு விடையையும் கொப்பியில் எழுதிய பிறகே சரிபார்க்க வேண்டும். முதல் நகர்வை மட்டும் ஊகித்துத் திரையைத் தட்டும் பழக்கம்தான் கணிக்கும் திறனை வளரவிடாமல் தடுக்கிறது.

அந்தத் தளத்தில் காட்டும் புள்ளிகளைக் கொண்டு முன்னேற்றத்தை அளக்க வேண்டாம். அங்கே எல்லோரும் 1500இல் தொடங்குகிறார்கள். ஃபிடே தரப்புள்ளியுடன் அதை ஒப்பிட முடியாது.

புத்தகத்துக்கு ஒதுக்கிய பணத்தில் போட்டி அளவுப் பலகையொன்றை வாங்குங்கள்: ராஜா ஏறத்தாழ 9.5 சென்ரிமீற்றர் உயரம், கட்டம் 5 முதல் 6 சென்ரிமீற்றர். சுருட்டி வைக்கக்கூடிய ரெக்சின் விரிப்பாக இருந்தால் நல்லது. நம் பக்கத்து மழைமாத ஈரத்தில் அட்டைப் பலகை ஒரு பருவம்கூடத் தாங்காமல் வளைந்துவிடும்.