போரைப் பார்த்தவர்களுள் சிலருக்கு மட்டும் பிடிஎஸ்டி வருவதற்குச் சிறுவயதுத் துயரம் காரணமா?

ஒரே பதுங்குகுழியில் இருந்த இருவரில் ஒருவர் மட்டும் ஏன் பிடிஎஸ்டியால் (கொடிய அனுபவத்துக்குப் பிறகு நீடிக்கும் மனநோய்) பாதிக்கப்படுகிறார், சிறுவயதில் பட்ட அடிக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ஆனால், அடிபட்டு வளர்ந்தவன் மனவலிமை இல்லாதவன், அதனால்தான் நொறுங்கிப்போகிறான் என்று அதைப் புரிந்துகொள்வது தவறு. 17 ஆண்டுகள் பட்டாளத்தில் இருந்தவன் என்ற முறையில் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களைப் பற்றி 1993-இல் வெளியான ஓர் ஆய்வில், பிடிஎஸ்டி உள்ளவர்களில் 26 விழுக்காட்டினர் சிறுவயதில் உடல் வன்முறைக்கு ஆளாகியிருந்தார்கள். அந்நோய் இல்லாதவர்களில் 7 விழுக்காட்டினரே அப்படி. அதே கணக்கைத் திருப்பிப் பார்த்தால், நோயுற்றவர்களிலும் நான்கில் மூவருக்கு அந்தப் பின்னணி இல்லை.

என்னை அதிகம் யோசிக்கவைத்தது 2012-இல் வெளியான டென்மார்க் ஆய்வுதான். ஆப்கானிஸ்தானுக்குச் சென்ற 746 வீரர்களிடம் புறப்படும் முன்பும், அங்கிருந்தபோதும், திரும்பிய பின்பும் கேட்டறிந்ததில், பெரும்பாலோர் தாக்குப்பிடித்திருந்தார்கள். ஒரு சிறு பகுதியினருக்கோ முன்பே இருந்த அறிகுறிகள் போர்க்களத்தில் குறைந்து, ஊர் திரும்பிய பிறகு மறுபடியும் கூடின. இவர்களிடையே குடும்ப வன்முறையில் வளர்ந்தவர்கள் கூடுதலாக இருந்தார்கள்.

படித்ததும், என்னோடு பணியாற்றிய ஒரு நாயக் (சிப்பாய்க்கு மேலான ஒரு பதவி) நினைவுக்கு வந்தார். எல்லைச் சாவடியில் எங்கள் எல்லோரையும்விட நிம்மதியாகத் தூங்கியவர் அவர். நேரத்துக்குச் சாப்பாடு, காரணம் சொல்லித் தரும் தண்டனை, இரவில் பக்கத்தில் பத்துப் பேர். பென்ஷனில் வந்தபின் ஒருநாள் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, சமையலறையில் எவர்சில்வர் தட்டு ஒன்று கைதவறி விழுந்தது. ஷெல் சத்தம் கேட்டால் தரையோடு படுக்கப் பழகியவர்கள் நாங்கள். அவரோ உட்கார்ந்தபடியே முழங்கையை உயர்த்திக் கன்னத்தை மறைத்துக்கொண்டார். அப்பா பெல்ட்டைக் கழற்றினால் இப்படித்தான் மறைத்துக்கொள்வேன் என்று பிறகு அவரே சொன்னார்.

சிறுவயதில் பட்ட அடியை மருத்துவரிடம் சொன்னால், நோய் முன்பே இருந்தது என்று சொல்லி டிசபிலிட்டி பென்ஷனை (பணியால் வந்த பாதிப்புக்கான ஓய்வூதியம்) மறுத்துவிடுவார்கள் என்று பயந்து பலர் மறைக்கிறார்கள். பணியால் வந்த நோய் மட்டுமல்ல, பணியால் முற்றிய நோயும் நம் விதிகளில் சேரும். படையில் சேர்ந்தபோது பதியப்படாத நோயை முன்பே இருந்ததென்று காரணம் காட்டாமல் தள்ளிவிடக் கூடாது என்று 2013-இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்திருக்கிறது. அந்த நாயக் இரண்டு ஆண்டுகள் மருத்துவரிடம் போர்க்கதையை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்ததும் இந்தப் பயத்தினால்தான்.