தொழு உரம் போட்டால் கோதுமைக்கு யூரியாவைப் பாதியாக்கலாமா?

கேள்வி: ஒரு ஏக்கர் கோதுமைக்கு 4 டன் தொழு உரம் போடப்போகிறேன். இனி யூரியா பாதி போதும், கூடவே இயற்கைக் குருணை போடுங்கள் என்கிறார் உரம் விற்பவர். எருவோடு யூரியாவைக் கலந்தே தூவிவிடலாமா?

பதில்: பாதியாக்காதீர்கள். தொழு உரத்தில் தழைச்சத்து (நைட்ரஜன்) சுமார் அரை சதவீதம்தான். 4 டன்னுக்கு 20 கிலோ. முதல் பயிருக்குக் கிடைப்பது அதில் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு. யூரியாக் கணக்கில் 11 முதல் 15 கிலோ. அதை மட்டும் குறையுங்கள். பாதியை நிறுத்தினால் தூர் கட்டும் நேரத்தில் (அடியிலிருந்து பக்கத் தண்டுகள் கிளைக்கும்போது) பயிர் வெளிறும்; பிறகு அள்ளிப் போட்டாலும் தவறிய தூர் வராது.

அந்தக் குருணையையும் கணக்குப் பாருங்கள். தழைச்சத்து 2 சதவீதம் என்றால் 50 கிலோ மூட்டையில் 1 கிலோ. இரண்டு கிலோ சொச்சம் யூரியாவுக்குச் சமம். மூட்டையில் சதவீதம் அச்சிடவில்லையா, தொடவே வேண்டாம். “மண்ணுக்கு நல்லது” என்பது அளவு ஆகாது.

கலந்து தூவவும் கூடாது. எருவிலுள்ள நொதி யூரியாவை அம்மோனியாவாக்கிவிடும். கலந்த குவியலருகே போனால் மூக்கில் சுள்ளென்று ஏறுமே, அது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய தழைச்சத்து.

எருவை விதைப்புக்கு 3, 4 வாரம் முன்பே பரப்பி அன்றே உழுது மூடுங்கள். மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) முழுக்க அடியுரம், அதாவது விதைப்போடு இடுவது. யூரியாவில் பாதியை விதையில் படாமல் விதைப்பின்போது இடுங்கள். மீதி 20–25ஆம் நாள், முதல் தண்ணீரை ஒட்டி.

எரு விற்க வருபவர் மேலாக அள்ளிக் காட்டுவார். நீங்கள் குவியலின் நடுவில் கையை விடுங்கள். சூடு தெரியக்கூடாது, வைக்கோல் துண்டு இழுத்ததும் இற்று வர வேண்டும், சாண வாடை போயிருக்க வேண்டும். மக்காத எரு போட்டால் அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தை முதலில் எடுத்துக்கொள்ளும். இளம்பயிர் அடி இலையிலிருந்து மஞ்சளாகும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. அதே வயலில் 4, 5 ஆண்டுகள் விடாமல் எரு போட்டிருந்தால், பழைய எருவிலிருந்தும் சத்து கசிந்துகொண்டிருக்கும். இன்னும் கொஞ்சம் குறைக்கலாம். ஒரு வருடம் போட்டு இரண்டு வருடம் விட்டது இதில் சேராது. பக்கத்து வயலில் போட்டதும் சேராது. எவ்வளவு குறைக்கலாம் என்பதை மண் பரிசோதனைதான் சொல்லும். ஆனால் அந்த அறிக்கையோ விதைத்து முடித்த பிறகு கைக்கு வருகிறது. வந்து என்ன பயன்? முந்தைய பயிரை அறுத்த கையோடு, எரு போடும் முன்பே மண் எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.