வாடை

அன்புள்ள ஐயா,

காரைக்குடியிலிருந்து நண்பர்கள் 6 பேர் தொண்டிக் கரையில் ஒரு காலை முழுக்க நடந்தோம். மீனவர்களிடம் கேட்டு எழுதிய 40 சொற்களை இணைத்திருக்கிறேன். ஒரு பெரியவர் 'இப்ப வாடைல்ல' என்றபோது மீன் நாற்றத்தைச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டோம். சங்கப் பாடல்களில் வரும் தொண்டி இதுதானா? சொற்களை அகர வரிசையில் அடுக்கினால் போதுமா?

அன்புள்ள தம்பிக்கு,

சேரரின் தொண்டி மேலைக் கடற்கரையில் இருந்தது. இது வேறு ஊர். சரி, அது போகட்டும். எனக்கு அந்தச் சிரிப்புதான் உறுத்துகிறது.

சில நாட்களாக என் ஆயா (பாட்டி) நினைவாகவே இருந்தேன், உங்கள் கடிதம் வந்தது. எங்கள் தேவகோட்டை வீட்டுக்குத் தொண்டியிலிருந்து ஒரு அம்மா மீன் கொண்டுவருவார். ஐப்பசி பிறந்தால் கூடையில் கருவாடு மட்டும் இருக்கும். "வாடை எழும்பிருச்சு ஆச்சி" என்பார். ஆயா மறுபேச்சில்லாமல் உள்ளே போய்ப் படியில் அரிசி அளந்து வந்து போடுவார். ஆயா கடலைப் பார்த்ததில்லை. திருவாடானை தாண்டினால் தொண்டி, அங்கேகூடப் போனதில்லை. ஆனால் காற்று வடகிழக்கிலிருந்து வீசத் தொடங்கிவிட்டது, படகு இறங்காது, அந்த வீட்டில் அடுப்பு எரிவது சிரமம் என்பது வரை அந்த ஒரு சொல்லில் அவருக்கு விளங்கியது.

நீங்கள் 'வாடை: வடக்குக் காற்று' என்று எழுதியிருக்கிறீர்கள். மாதம் எங்கே? படகு எங்கே? வாடையில் பாக் விரிகுடா கலங்கும். தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும் மாதங்களில் அதே கடல் அடங்கிக் கிடக்கும், மன்னார் வளைகுடா கொந்தளிக்கும். ராமேஸ்வரத்தில் பாக் விரிகுடாவைப் பெண்கடல், மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்பார்கள். காற்றைப் பார்த்துத்தான் எந்தக் கடலில் இறங்குவது என்று முடிவு செய்வார்கள். இத்தனையும் அந்தச் சொல்லுக்குள் இருக்க, நீங்கள் அகராதியிலேயே கிடைக்கும் பொருளை எழுதி வந்திருக்கிறீர்கள். அதற்குத் தொண்டி வரை நடக்க வேண்டியதில்லை.

மீனவர்கள் சொன்ன 'ஆவுளியா'வை அடித்துவிட்டுக் 'கடற்பசு' என்று திருத்தியது அதைவிட மோசம். 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை அந்தக் கடல் பாலூட்டிக்கான காப்பகமாக அறிவித்தார்கள். கடற்பசு என்ற பெயர் அரசாணையில் பத்திரமாக இருக்கும். ஆவுளியா அந்தப் பெரியவர்களின் வாயில்தான் வாழ்கிறது. திரும்ப எழுதுங்கள். யார் சொன்னார், எங்கே பார்த்தார் என்பதையும் சேருங்கள்.

கோபத்தில் எழுதிவிட்டேன். நீங்கள் கிளம்பிப் போனதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? செட்டிநாட்டு வீட்டு வளவில் பர்மாத் தேக்குத் தூணைப் பிடித்துக்கொண்டு வளர்ந்த நம் பிள்ளைகள், அது கடந்துவந்த கடலின் பக்கம் திரும்புவதே இல்லை.

தை பிறப்பதற்குள் இன்னொரு முறை போங்கள். அதே பெரியவரைத் தேடிப் பிடியுங்கள். சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, அப்புறம் நோட்டைத் திறங்கள். வெற்றிலை வாங்கிப் போக மறக்காதீர்கள்.