வாசகர் கேள்வி-பதில்: அறுந்த நரம்பு ஒரு நாளில் எவ்வளவு வளரும்?

பொகவந்தலாவையிலிருந்து ஒரு வாசகி: கவ்வாத்து வெட்டும்போது கத்தி வழுக்கி என் தம்பியின் மணிக்கட்டில் பட்டுவிட்டது. சுண்டுவிரல் பக்கத்து நரம்பு அறுந்து, மூன்றாம் நாள் தைத்தார்கள். இப்போது மூன்று மாதம். சுண்டுவிரல் மரத்தே கிடக்கிறது. அதுவும் மோதிரவிரலும் கொக்கி மாதிரி வளைந்துவிட்டன. தையல் விட்டுப் போயிருக்குமோ?

பதில்: மூன்று மாதத்தில் அப்படி முடிவுகட்ட வேண்டாம். வைத்தியர் தைப்பது நரம்பின் உறையைத்தான். வெட்டுக்குக் கீழே இருந்த இழைகள் அழிந்துபோகும். மேல்முனையிலிருந்து புது இழை முளைத்து அந்த வெறும் குழாய்க்குள் ஊர்ந்து போக வேண்டும். தையலைத் தாண்டவே ஏறக்குறைய ஒரு மாதம், பிறகு நாளுக்கு 1 மில்லிமீற்றர். அடிமட்டத்தால் தழும்பிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை அளந்து பாருங்கள். 16 சென்டிமீற்றர் என்றால் 160 நாள், அதோடு அந்த ஒரு மாதம்.

இழை எங்கே வந்திருக்கிறது என்று வீட்டிலேயே பார்க்கலாம். சுண்டுவிரல் பக்கமிருந்து மணிக்கட்டை நோக்கி விரல் நுனியால் மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தில் கரண்ட் அடித்தது போல் விரலுக்குள் சுரீர் என்கிறதோ, அங்கே பேனாவால் புள்ளி வைத்து, தழும்பிலிருந்து தூரத்தைக் குறியுங்கள். மாதத்துக்கு இரண்டரை, மூன்று சென்டிமீற்றர் முன்னேற வேண்டும். இரண்டு மூன்று மாதமாகப் புள்ளி தழும்பிலேயே நின்றால், அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்காமல் சத்திரசிகிச்சை நிபுணரிடம் அந்தக் குறிப்போடு போங்கள். நரம்பு எட்டாத தசை ஒன்று, ஒன்றரை வருடத்துக்குப் பிறகு நரம்பு வந்து சேர்ந்தாலும் பெரும்பாலும் வேலை செய்யாது.

விரல் வளைவது உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழந்ததால். விரலின் அடிமூட்டு பின்னுக்குச் சாயும், நடுமூட்டு மடங்கும். அடிமூட்டைச் சற்று மடக்கியே பிடித்து வைக்கும் ஸ்பிளின்ட் போட்டால், விரலை நீட்டும் தசையே நடுமூட்டை நிமிர்த்திவிடும். அதைச் சுடுதண்ணீரில் இளகும் பிளாஸ்டிக்கில் செய்வதால் அடுப்படியில் வைக்காதீர்கள், வளைந்துவிடும். ஸ்பிளின்டைக் கழற்றி, ஒவ்வொரு மூட்டையும் மறுகையால் முழுவதும் நீட்டி மடக்கிவிடுங்கள்: பத்துத் தடவை, நாளுக்கு நான்கு முறை. மூட்டு இறுகிவிட்டால் நரம்பு வந்தும் விரல் அசையாது. நாங்கள் அதிகம் பார்க்கும் தோல்வி இதுதான்.

மரத்த விரல் தேத்தண்ணிக் கேத்தலில் பட்டுப் பொங்கினாலும், அட்டை கடித்தாலும் தெரியாது. இராத்திரி விளக்கடியில் கையைப் பார்த்துவிட்டுத் தூங்கச் சொல்லுங்கள். குளிருக்குக் கையுறை போதும். அடுப்பில் காட்டவே கூடாது. உணர்ச்சி திரும்பத் தொடங்கியதும் அரிசி, பொத்தான், சில்லறைக் காசு, துணி ஆகியவற்றை முதலில் பார்த்துத் தொட்டு, பிறகு கண்ணை மூடித் தொட்டுச் சொல்லிப் பழக வேண்டும். புது இழைகள் பழைய இடத்துக்கே போய்ச் சேராததால் மூளை மறுபடி படிக்க வேண்டியிருக்கிறது. பெரியவர்களுக்குக் கை பழையபடி முழுமையாக வருவது அரிது. குழந்தைகளுக்கு நன்றாக வரும்.

நானுஓயாவிலிருந்து ஒரு வாசகர்: எனக்கு முழங்கைக்கு மேலே இதே நரம்பு அறுந்தது. நல்ல நரம்பு ஒன்றின் கிளையை வெட்டி இதோடு இணைக்கலாம் என்கிறார்கள். இருக்கிற பலமும் போய்விடாதா?

பதில்: கணக்கைப் பாருங்கள். அங்கிருந்து உள்ளங்கைத் தசைக்கு 30 சென்டிமீற்றருக்கு மேல். இழை போய்ச் சேர ஒரு வருடம் பிடிக்கும், அதற்குள் தசை வீணாகிவிடலாம். அதனால் மணிக்கட்டுக்குச் சற்று மேலேயே, உள்ளங்கையைக் கீழ்நோக்கித் திருப்பும் சிறு தசைக்குப் போகும் கிளையை எடுத்து இணைக்கிறார்கள். அங்கிருந்து தூரம் பாதிகூட இல்லை. அந்தத் திருப்பும் வேலையை முழங்கையருகே இருக்கும் இன்னொரு தசையும் செய்வதால் பெரிய இழப்பில்லை. ஆனால் இது அசைவுக்கு மட்டும். உணர்ச்சிக்கு முழங்கைத் தையலைத்தான் நம்ப வேண்டும். முடிவைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஹட்டனிலிருந்து: கரண்ட் பிடித்தால் நரம்பு சீக்கிரம் வளருமா? எண்ணெய் தேய்க்கலாமா?

பதில்: தைத்தவுடன் சத்திரசிகிச்சையிலேயே நரம்புக்கு நேரடியாக விநாடிக்கு 20 தடவை வீதம் ஒரு மணித்தியாலம் மின்தூண்டல் கொடுக்கும் முறை ஆய்வுகளில் நல்ல பலன் காட்டியிருக்கிறது. தோலின் மேல் ஒட்டிக் கொடுக்கும் கரண்ட் அதுவல்ல. அதற்கு மாதக்கணக்கில் பணம் கட்ட வேண்டாம். எண்ணெய் தழும்பை இளக்கும், நரம்பை வளர்க்காது. தேய்ப்பதானால் ஆறிய எண்ணெய். சூட்டை மரத்த கையால் பார்க்காமல் மறுகையால் பாருங்கள்.